லைன் கிளியர்

சனிக்கிழமை, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை
மாதாந்திரப் பராமரிப்பு.
பேப்பரின் மூலையில் மூலைக்கரைப்பட்டி, முனைஞ்சிப்பட்டி,
அப்புறம் "சுற்றுவட்டாரப் பகுதிகள்".
யார் பொறுக்கியெடுத்தது இந்தக் கிழமையை?

பத்தொன்பது வருஷமாகச் சனிக்கு லீவு எழுதுகிறேன்.
காரணம் என்ற கட்டத்தில் "ஓய்வுநாள்" என்று போட்டால்
ஓய்வுக்கு ஏன் லீவு என்று திரும்பி வரும்.
ஞானசீலி மேடம் நல்லவர், ஞாயிறு ஆராதனையில் கொயர் பாடுகிறவர்.
"ஒரு நாள் முன்னே பின்னே வச்சுக்கிட்டா என்ன எலியேசர்?
இந்த மாசம் ஆளில்லை."

ஒரு நாள்தான்.
அது வெள்ளி சாயங்காலமே வந்துவிட்டது,
தேரிமேல் வெயில் இறங்கி மண் கறுத்தபோதே.
எங்கள் நாள் ராத்திரியில் தொடங்கும்.
நைட் டியூட்டிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே வெள்ளி, ஜும்ஆ முடித்துத்
தொப்பியை மடித்துப் பையில் போட்டு
மூன்று மணிக்கெல்லாம் கம்பத்தில் இருந்தான் மைதீன்பிச்சை.
"ஆறு நாள், சரி வே. ஏழாம் நாள் அசந்து உக்காந்தான்னு மட்டும்
சொல்லாதீரும். அவனுக்கு ஏது அசதி?"
"அசதியில்லவே. முடிஞ்சுது, நிறுத்தினார்."
"அவன் நிறுத்தினா உலகம் நின்னு போகாதா?"
பதில் வரவில்லை.
கயிற்றில் ஸ்பானரைக் கட்டி மேலே அனுப்பினேன்.
"சூரியனே நாலாம் நாள்தானாமே உங்க கணக்குல.
முதல் மூணு நாள் வெளிச்சம் எந்த ஃபீடர்ல வந்துச்சு?"
சிரிப்பு கம்பிவழியே இறங்கிற்று.

ஒன்பது மணிக்கு பிரேக்கரைத் திறந்தேன்.
வேலைதான் அது. மறுக்கவில்லை.
வெள்ளியே வடித்த சோறு தூக்குவாளியில் பக்கத்தில்.
டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் அடங்கியது.
பாபநாசத்துத் தண்ணீரும் பணகுடிக் காற்றும்
கம்பிக்குள் ஏறி இத்தனை தூரம் வந்து
கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டன.

ரைஸ்மில் நின்றது.
வாழைத்தோட்டத்து மோட்டார்கள் ஒவ்வொன்றாக.
கல்யாண மண்டபத்து மைக், மாப்பிள்ளை பெயரின் பாதியில்.
வேலைக்காரனும் மாடும்
வாசலுக்குள் வந்த அந்நியனும்கூட
அன்று இளைப்பாற வேண்டும் என்பது எங்கள் கட்டளை.
மில்லில் மூட்டை தூக்கும் இசக்கிப்பாண்டி
தவிட்டுச் சாக்கின்மேல் கால் நீட்டிப் படுத்தான்,
இன்ன கட்டளை என்று தெரியாமலே அதைக் கைக்கொண்டு.

எர்த் ராடு மாட்டி,
சீட்டில் கையெழுத்திட்டு மைதீனிடம் கொடுத்தபின்
எனக்கு விதி ஒன்றுதான்.
தொடாதே.
சாவி என் பையில். கைப்பிடியில் சிவப்பு அட்டை.
ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

போன் அடித்தது. மண்டபம்.
ஐஸ் கம்பெனி. யூனியன் ஆபீஸ். மறுபடி மண்டபம்,
இந்தமுறை பெண்ணின் தாய்மாமன், கெட்ட வார்த்தையோடு.
ஒன்றேகாலுக்கு மேடம்:
"கொஞ்சம் முந்திப் போட முடியுமா?"
"சீட்டு திரும்பி வரலை மேடம்."

ஐந்து மணி நேரம் நான் ஒன்றும் செய்யவில்லை.
அந்த ஒன்றும் செய்யாததில் தொங்கிக்கொண்டிருந்தான் ஒருவன்,
இரண்டு கிலோமீட்டர் தள்ளி,
பதினோராயிரம் வோல்ட் கம்பியை
முழங்கையில் அணைத்து,
தலைமுதல் கால்வரை தேரிப் புழுதியாக.
முதல் மனிதனை மண்ணில்தான் பிசைந்தது என்பதில்
எங்கள் இருவருக்கும் தகராறில்லை.

நேற்றைய கேள்விக்கு ஏதோ சொல்லலாம்போல இருந்தது.
சொல்ல வேண்டியவன் கம்பத்தில் இருந்தான்.

ரெண்டு பத்துக்குச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான்.
சீட்டில் கிரீஸ் கைரேகை.
"ஆட்கள் எல்லாரும் இறங்கியாச்சா?"
"இறங்கியாச்சு."
"எர்த்து?"
"எடுத்தாச்சு. ஜம்பர் மூணும் மாத்திட்டேன்."
"எப்படி இருக்கு?"
"நல்லா இருக்கு வே," என்றான், குடத்தடியில் தலையைக் கொடுத்து.

மூடினேன். முனகல் திரும்பியது.
பதிவேட்டில், செய்த வேலை என்ற கட்டத்தின் மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில்
யாரோ அணைக்க மறந்த குண்டு பல்ப்
பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது,
சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாமல்.