சான்றுப் பொருள் ஒன்று

ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.
மூன்றரை நாள் கொழுந்து.
நீலநிற மழைக்கோட்டு, தலைமூடி வைத்தது.
கழுத்துப் பட்டையில் தைத்திருந்தார்கள்:
நூறு சதவீதம் நீர் புகாது.
கூடலூர்க் கடைப் பையன் அதை
எனக்கு வாசித்துக் காட்டினான்.
எனக்கு வாசிக்கத் தெரியும்.
இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்,
நல்ல சொல்லை இன்னொரு வாய் சொல்லட்டுமே என்று.

தேவாலா மழைக்குத்தான் எழுத்து தெரியாது.
முதல் நாளே, பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் முன்பே,
தோள் தையலில் தொடங்கி
முதுகில் ஒரு விரலாக இறங்கியது.
பத்து மணிக்கு ரவிக்கை.
பதினொன்றுக்கு,
இடுப்புப் படங்குக்கு மேலே உள்ளதெல்லாம்.
அட்டை கடித்தால் காட்டுவதற்கு ரத்தமாவது இருக்கும்.
இதை யாரிடம் காட்ட?
பக்கத்து நிரையில் மரியபுஷ்பம் சிரித்தாள்:
'அக்கா, உள்ளுக்கு ஒரு மழை
தனியா வாங்கியிருக்கியா?'

கடைக்குப் போனேன்.
பில் இருக்கா என்றார்கள்.
பில்லை அந்தக் கோட்டுப் பையில்தான்
பத்திரமாக வைத்திருந்தேன்.
எடுத்தால் வெள்ளைக் கூழ்.
தேதி இல்லை, விலை இல்லை, கடைப்பெயரில் பாதி இல்லை.
ஒரே ஒரு வரி மட்டும் பிழைத்திருந்தது:
விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.
அந்த மையை எங்கே வாங்கினார்களோ,
அதிலேயே கோட்டையும் செய்திருக்கலாம்.

முதலாளி கெட்டவர் இல்லை. டீ சொன்னார்.
'கம்பெனிக்காரன் போனே எடுக்க மாட்டேங்கிறான்.
வேணும்னா ஒரு குடை எடுத்துக்கங்க.'
குடையைப் பிடித்துக்கொண்டு
எந்தக் கையால் கொழுந்து கிள்ளுவது?
டீயைக் குடித்தேன்.
குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது,
நீயே எழுதலாம் என்று
ரேஷன் வரிசையில் ஒருத்தி சொன்னாள்.
நான்கு வெள்ளைத்தாள்.
மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர், சிவபாக்கியம்.
எதிர்மனுதாரர் என்ற இடத்தில்
ஒரு கடை, ஒரு கம்பெனி.
எல்லாம் ஒரே அளவு எழுத்தில்.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதகைக்கு மூன்று தடவை.
தடவைக்கு ஒரு நாள் சம்பளம், போக வர பஸ்,
நடுவட்டம் வளைவில் ஒரு வாந்தி.
'அந்தக் காசுக்கு வேற கோட்டு வாங்கியிருக்கலாம்' என்றாள் மரியபுஷ்பம்.
வாங்கியிருக்கலாம்.
அதன் கழுத்திலும் இதே வாசகம் இருக்கும்.

மூன்றாம் தடவை
கம்பெனி வக்கீல் எழுந்தார், நல்ல ஸ்வெட்டர்.
'உள்ளே இருந்தது மழைநீர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?
உழைக்கிற உடம்பு.
வியர்வையாக இருக்கலாமே?'

யாரோ இருமினார்கள்.
நான் சொன்னேன்:
'ஐயா, இருபத்தாறு வருஷமா
நான் ரெண்டுலயும் நனையுறேன்.
ரெண்டும் வழிஞ்சு உதட்டுக்கு வரும்.
ஒண்ணுல உப்பு இருக்கும்.
இதுல இல்லை.'

தட்டச்சு செய்கிற பெண்
விரலை நிறுத்தித் தலைவரைப் பார்த்தாள்.
'அப்படியே அடிங்கம்மா' என்றார் அவர்.

பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.
கோட்டின் பொத்தான் துளையில் ஒரு சீட்டுக் கட்டி,
சான்றுப் பொருள் ஒன்று என்று எழுதி,
இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.
முதல் தடவையாக அது
சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது.

வெளியே வந்தால் மழை.
பையிலிருந்து யூரியாச் சாக்கை எடுத்து
ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக்
கொங்காணி போட்டுக்கொண்டேன்.
நாற்பத்தைந்து கிலோ, கொக்கி போடாதீர்
என்பதைத் தவிர
அதில் எதுவும் அச்சடிக்கவில்லை.
கூடலூர் பஸ் வர முக்கால் மணி நேரம்.
காது மட்டும்தான் நனைந்தது.