செதில்

அணை ரோட்டு மீன்கடையில்
மாதம்மா என்னைக் கண்டதும்
கெளுத்திக் கூடையைக் காலால் தள்ளிவிடுகிறாள்.
'செதிலு பாப்பா வந்துருச்சு' என்று
ஜிலேபியில் நல்லதாக ஒன்றைத் தேடுகிறாள்.
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.
செதில் இல்லாதது இவங்க வீட்டுக்கு ஆகாது.
என் வேதத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
எனக்கு அதைவிட ஒரு பிடி கூடத் தெரியலாம்.

மற்றவர்கள் கேட்பார்கள்.
வீட்டுக்காரர் கேட்டார்: கிறிஸ்டியனா?
இல்லை.
அப்ப பாய் வீடா?
அதுவும் இல்லை, யூதர் என்றார் அப்பா.
அவர் கொஞ்சம் யோசித்து
'எதுவா இருந்தாலும் அட்வான்ஸ் ஆறு மாசம்' என்றார்.
அன்று இரவு முழுக்க அப்பா சிரித்தார்.
இவ்வளவு மலிவாக எங்களை
எந்த ஊரும் உள்ளே விட்டதில்லையாம்.

மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்க
கொச்சியிலிருந்து வந்தவர் அவர்.
சொந்தங்கள் எல்லாம் விமானம் ஏறியபோது
'சீசன் முடியட்டும், பார்க்கலாம்' என்றவர்
இருபத்தாறு சீசன் பார்த்துவிட்டார்.

என் பெயர் சிப்போரா.
கம்பெனியில் சிப்பி.
சிப்பிக்குச் செதில் கிடையாது.
எனக்கு விலக்கிய ஒன்றின் பெயரால்
நாள் முழுக்கக் கூப்பிடுகிறார்கள்,
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றும்போது
பெரியப்பா மகள் நோகாவுக்கு அங்கே இன்னும் வெயில்.
ஓய்வுநாள் எங்களிடம்தான் முதலில் வருகிறது என்று
போனில் பீற்றிக்கொள்வேன்.
(மறுநாள் சனிக்கிழமை ஷிப்டுக்குப் போவேன்.
அதை அவளும் கேட்பதில்லை.)
அவள் ஜெபக்கூடம் போய் ஒரு வருஷமாகிறது.
'ஊரே யூதர், நான் வேற எதுக்கு?' என்கிறாள்.
அங்கே அவளுக்குப் பெயர் இந்தியாக்காரி.
அவள் வீட்டு மீன்குழம்பு கொதித்தால்
எதிர் வீட்டுச் சன்னல் சாத்திக்கொள்கிறது.

கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும்.
கிருஷ்ணகிரி மாவட்டத்தையே சலித்தாலும்
எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்.
ஒன்பது குறை.
அந்த ஒன்பதில் நான் எப்படியும் சேர்த்தியில்லை.
சில ஊர்களில் பெண்களையும் எண்ணுகிறார்களாம்.
எண்ணினால் மூன்று.
மூன்று பத்தாகாது, தெரியும்.
ஒன்றும் மூன்றும் ஒன்றா என்றுதான்
சமயத்தில் அப்பாவைக் கேட்கத் தோன்றும்.

காலை ஐந்தேகாலுக்கு ரவுண்டானாவில்
ஓசூர் போகும் கம்பெனி பஸ்.
பழையபேட்டை தில்ஷாத்
எனக்குச் சன்னல் சீட் பிடித்து வைப்பாள்.
போர் தொடங்கிய பிறகும் பிடித்து வைத்தாள்.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒருநாள் சூளகிரி தாண்டும்போது
அவள் போனில்
வெள்ளைத் துணி சுற்றிய
சின்னச் சின்ன நீளங்கள், வரிசையாக.
அவள் போனை அணைக்கவில்லை,
என் பக்கம் திருப்பவுமில்லை.
'நோகா பத்திரமா இருக்காளா?' என்றாள்.
'ம்' என்றேன்.
நோகாவின் தம்பி பட்டாளத்தில் இருப்பதை
நான் அவளிடம் சொன்னதேயில்லை.
ஓசூர் வரும்வரை அந்த 'ம்'
தொண்டையில் முள்ளாக நின்றது.
சோற்றுருண்டை விழுங்கினால் இறங்குகிற முள் இல்லை.

படிவங்களில் மதம் என்ற இடத்தில்
எனக்கான கட்டம் கடைசியில்: இதரர்.
பள்ளியில் அதைப் பேனாவால் தொடக் கூசும்.
இப்போது, உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று
எட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நேற்று ஞாயிறு.
இரண்டு கிலோ ஜிலேபி, நான்தான் உரசினேன்.
இன்று பஸ்ஸில் தில்ஷாத்
என் முழங்கையில் காய்ந்திருந்த ஒரு செதிலை
நகத்தால் கிளப்பினாள்.
'குளிச்சியா இல்லையாடி?'
டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

'தில்ஷா, நோகாவுக்கு ஒரு தம்பி இருக்கான்' என்றேன்.

அவள் செதிலைக் கீழே போடவில்லை.
சூளகிரிக்கு இன்னும்
இருபது நிமிஷம் இருந்தது.