கறிக்கடைக் கோட்டு

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.
எங்களுக்கு ஆடவும் தெரியாது,
போர்த்வீன் மைதானம் கோணலும்தான்.
மேற்கே சரிந்து சரிந்து
கார்ன்வால் கடலில் போய் முடிகிறது.

ஏழாம் டிவிஷனுக்கெல்லாம் அம்பயர் அனுப்ப
லீகில் ஆள் கிடையாது.
மட்டை பிடிக்கும் அணியே
தன்னில் ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம்.
வேலிக்கு ஓணான் சாட்சி.
ஓணானின் பெயர் டென்ஸில் ட்ரெகென்ஸா,
இறைச்சி வியாபாரம்.
கடைக் கோட்டோடு வந்துவிடுவார்,
வலது பக்கம் ஈரல் கறை.
பந்தெண்ணப் பையில் ஆறு கூழாங்கல்.

என் முதல் பந்து காலில் பட்டது,
நடு ஸ்டம்புக்கு நேர் எதிரே.
கத்தினேன்.
"லெக் பக்கம் போகுது."
அடுத்தது?
"உயரம்."
மட்டை உரசிய சத்தம்
சர்ச் கல்லறை வரைக்கும் கேட்டது.
"அது கடற்காகம்."
மூன்று குச்சியும் மல்லாந்து கிடந்தபோது மட்டும்
கொஞ்சம் யோசித்தார் பாவம்.
"டெட் பால். எனக்குத் தும்மல் வந்தது."

என் ஓவர் முடியவே மாட்டேன் என்றது.

அப்புறம் வந்தான் ஜோரி பாஸ்கோ,
டென்ஸிலின் தங்கை புருஷன்.
போன ஏப்ரலில்
புல்வெட்டும் எந்திரத்தை
ஒரு மணி நேரத்துக்கு என்று வாங்கிப் போனவன்.

கை வழுக்கி நான் விட்ட பந்து
ஸ்டம்புக்கு ஒரு முழம் தள்ளிப் போய்
அவன் தொடையைத் தடவிற்று.
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.
விரல் அதற்குள் மேலே நின்றது.
அவ்வளவு நேராக ஒரு விரலை
நான் பார்த்ததே இல்லை.

"அவர் அப்பீலே பண்ணலையே!"
ஜோரி சட்டம் பேசினான்.
"வாயைத் திறந்தார். பார்த்தேன்" என்றார் டென்ஸில்.
"எந்திரத்துக்கு பெட்ரோல் ஊத்தி அனுப்பு."

தேநீர் இடைவேளையில்
மார்வென்னா குங்குமப்பூ பன் கொண்டுவந்தாள்.
தட்டு எல்லோரிடமும் நின்றது,
அண்ணனைத் தாண்டிப் போனது.
அவர் இரண்டு கையையும் விரித்தார், என்ன இது என்று.
"வைடு" என்றாள் திரும்பாமலே.

இனி நாங்கள் மட்டை பிடிக்க வேண்டும்.
எங்களில் அம்பயர் யார் என்றார்கள்.
முட்டி வலிக்கிறது, கடைசி ஆள் நான்,
சும்மாதானே இருக்கிறேன் என்று எழுந்தேன்.
டென்ஸில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

பையில் கைவிட்டுக் கூழாங்கல்லை எண்ணினேன்.
ஏழு.

இன்னொரு தடவை எண்ணினேன்.
ஒன்றையும் எடுத்துப் போடவில்லை.