இருநூற்று அறுபது நொடி

மொட்டைமாடியில் கேமரா கிழக்கே பார்த்து நிற்கிறது.
கீழே அறுபத்துநான்கு அறை, அறுபத்துநான்கு டிவி.
‘கட்டிலில் கிடந்தே சூரியோதயம்’ என்று
வாசலில் பேனர் கட்டிவிட்டார் டென்சிங்
நான் வயர் இழுத்து முடிக்கும் முன்பே.

முதல் நாள் வெள்ளம்.
யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று
சுவிட்சுக்குத் தெரியவில்லை,
எல்லா போர்ட்டிலும் கடலைத் திறந்துவிட்டது.
வரவேற்பில் பில் போடும் கணினி உறைந்தது,
கார்டு தேய்க்கும் மெஷின் சுற்றிச் சுற்றி வந்தது,
அடுக்களை பிரிண்டர் ஒரு பூரி செட்டுக்கு
பத்து நிமிடம் மூச்சு வாங்கியது.
பிரிண்டருக்கு எதற்கு சூரியோதயம்?

ஸ்னூப்பிங்கை ஆன் செய்தேன்.
ஒட்டுக்கேட்பதுதான், வேறொன்றுமில்லை.
இருநூற்று முப்பத்தொன்பதில் தொடங்கும் அந்த முகவரியில்
யாரும் குடியிருப்பதில்லை.
வேண்டியவர் ‘நானும் உண்டு’ என்பார்,
அந்தக் கதவுக்கு மட்டும் கடல் போகும்.
வெள்ளம் வடிந்தது. பூரி வந்தது.
டென்சிங் எனக்கொரு பழச்சாறு சொன்னார்.

பாதி குடிப்பதற்குள் படம் நின்றது.
எல்லா அறையிலும், ஒரே நேரத்தில்.
ரீஸ்டார்ட் செய்தால் வரும், பிறகு நிற்கும்.
“எக்கா, பின்னையும் போச்சு” என்று
அஜிதா போனில் சொல்லிச் சொல்லி
கடைசியில் ‘எக்கா’ மட்டும் சொன்னாள்.
கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன்:
நான்கு நிமிடம், இருபது நொடி.
ஒவ்வொரு முறையும்.

மாடிப்படிக்கு அடியில்,
பழைய மெத்தைகளும் சீரியல் பல்புகளும் கிடக்கும் அறை.
விடிகாலை மூன்றே முக்கால்.
கடல்காற்று ஆறு மாதத்தில் தின்ற பின்களைச் சுரண்டியபடி
யோசித்துக்கொண்டிருந்தபோது
எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார ஹெலன் ஞாபகம்.
எந்த வீட்டில் சாளை எடுப்பார்கள் என்று அவளுக்கு மனப்பாடம்.
ஆனாலும் தினமும் கேட்பாள், “வேணுமா?”
ஒருநாள் கேட்காமல் போனால்
வீட்டில் உள்ளவர்கள் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள்?

இங்கே கேட்க ஆளில்லை.
டிவிகள் ஒருமுறை ‘ஆம்’ என்றன.
மறுபடி யாரும் கேட்காததால் பேசாமல் இருந்தன.
பேசாதவரை சுவிட்ச்
இருநூற்று அறுபது நொடி நம்பும்,
அதன்பின் பெயரை அழித்துவிடும்.
அதன் மேல் தப்பில்லை.

குவரியர் என்று ஒரு பெட்டி, திரையின் அடியில்.
டிக் அடித்தேன்.
நூற்று இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை
சுவிட்சே இனி கேட்கும்:
இன்னும் இருக்கிறீர்களா, இன்னும் வேண்டுமா?

ஆறு மணி. மார்கழி மேகம்.
சூரியன் வரவே இல்லை.
சாம்பல் நிறம் மட்டும் துல்லியமாக,
தடங்கலின்றி, நாற்பத்தொரு அறையில் ஓடியது.
கறுப்பு வேட்டி சாமிமார் கீழே வந்து
டிவியைக் குறை சொன்னார்கள்.
டென்சிங் என்னைப் பார்த்தார்.
மேகத்துக்கு செட்டிங் இல்லை, அண்ணே.

எட்டு மணிக்குப் பதினொன்று. பத்துக்கு மூன்று.
மதியம் அட்டவணையில் ஒன்றே ஒன்று:
இருபத்தேழாம் போர்ட், அறை முந்நூற்று ஏழு.
ரெஜிஸ்டரில் ‘காலி’.

அணைக்கலாம் என்று ஏறினேன்.
மடித்த விரிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு
கட்டில் விளிம்பில் புஷ்பபாய்.
வாவத்துறைக்காரி. கடல் இவள் பின்வாசல்.
“நம்ம கடல்தானேக்கா இது?”
அவள் திரும்பவில்லை.
“இதுல வாடை இல்ல மக்கா.
கூப்பிடவும் ஆளில்ல.
இருந்து பாக்கலாம்.”

கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.
கேள்வி போனது. பதில் வந்தது.
கேள்வி போனது. பதில் வந்தது.
இரண்டேகாலுக்கு இருபத்தேழு விலகியது.

பையை மாட்டி வாசல் வரை வந்தபிறகுதான் உறைத்தது,
செய்த எதையும் சேமிக்கவில்லை.
ஒரு கரண்ட் கட் போதும்,
எல்லோரையும் மறந்துவிடும்.
செருப்பைக் கழற்றிவிட்டு
மறுபடி படிக்கு அடியில் குனிந்தேன்.