தலை தட்டாத அளவு

ஆறு இரும்புக் கல், ஒரு பித்தளைக் கல் பெட்டி, முத்திரைச் சீட்டு.
இவற்றோடு விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கினேன்.
பெத்ரா மான்சா.
சாதுவான பாறை என்று பொருள்.
பாறையைக் காணோம்.
குன்று குன்றாகக் காப்பிச் செடி,
எண்ணெய் வைத்து வாரியதுபோல் வகிடு வகிடாக.

ஜூலை. வாயைத் திறந்தால் புகை.
விடுதிக்கார அம்மாள் நெய்தே
சாவியோடு ஒரு கம்பளியையும் நீட்டினாள்:
"உறைபனி விழுந்தால் செடிதான் சாகும்.
நீங்கள் தும்முவீர்கள், அவ்வளவுதான்."

காப்பி கேட்டேன்.
கொதிக்கும்போதே சர்க்கரை கொட்டியது,
இனிப்புக்கு அடியில் கருகல்.
"நல்ல கொட்டையெல்லாம் கப்பல் ஏறிவிடும்,
உடைந்ததும் பெருக்கியதும் எங்களுக்கு."
வருத்தமாகச் சொல்லவில்லை.
இன்று வியாழக்கிழமை என்பதுபோல் சொன்னாள்.

கூட்டுறவுக் கிடங்கின் தராசில் பிழை இல்லை.
இறைச்சிக் கடையில் நாற்பது கிராம், கடைக்காரர் பக்கம்.
அபராதச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அடெமார் அரைக் கிலோ தொத்திறைச்சி கட்டிக் கொடுத்தார்.
நான் வாங்கவில்லை.
வாங்கினேன் என்று எழுதினால் வேலை போய்விடும்.

பதினோரு மணிக்கு
ஒலிபெருக்கி கட்டிய கார் தெருத்தெருவாக ஊர்ந்தது.
ஒனோஃப்ரே தலாரிக்கோ காலமானார், அடக்கம் நான்கு மணிக்கு.
அதே குரல், அதே மூச்சில்,
தக்காளி மலிவு, இன்று மட்டும்.
சதுக்கத்து நாய்
ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கியது.

மதியம் தோட்டத்துக்குப் போனேன்.
சாக்கு நிறுக்கும் தராசு நேர்மையாக நின்றது.
ஆனால் பறிப்பவர்களுக்குக் கூலி எடைக்கு இல்லையாம்.
அறுபது லிட்டர் தகரப் பெட்டிக்கு.
கூலி விளிம்பு வரைக்கும்.
பழமோ விளிம்பைத் தாண்டிக்
கோபுரமாக நின்றது.

"தலை தட்ட மாட்டீர்களா?" என்றேன்.
மேஸ்திரி வானிலை பார்த்தார்.

ஜுசிலெய்தே என்பவள்,
வடக்கிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்தவள்,
விரலெல்லாம் பழப் பிசின்,
கூம்பின் உச்சியில் இன்னும் ஒரு பழத்தை
மெதுவாக வைத்தாள்.
அது உருளவில்லை.
"இதற்குக் கல் இருக்கிறதா உங்களிடம்?"

இருபது கிலோவிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கிறது,
சின்னதெல்லாம் வெல்வெட்டில் படுத்திருக்கிறது.
விளிம்புக்கு மேல் நிற்பதற்கு
என் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை.

இரும்பு அளவுகோலை எடுத்து
விளிம்போடு இழுத்தேன்.
சிவப்பும் மஞ்சளுமாய்ப் பழங்கள் துணியில் கொட்டின.
யாரும் பேசவில்லை.
மேஸ்திரி சீட்டுக் கிழித்தார்.
அடுத்த பெட்டி வந்தது,
கோபுரத்தோடு.
எத்தனை பெட்டிக்கு நான் நிற்பது?
கடைசிப் பேருந்து ஆறரைக்கு.

களத்தில் வெயில் சாய்ந்தது.
காய்ந்த கொட்டையை நீளக் குவித்துத்
தார்ப்பாய் போர்த்தினார்கள்,
குழந்தைக்குப் போர்த்துவதைவிடக் கவனமாக.

மருந்துக் கடை வாசலில் ஆள் நிறுக்கும் எந்திரம்.
அது என் பட்டியலில் இல்லை.
பறிக்க வருபவர்கள் வந்த அன்று ஏறுவார்கள்,
போகிற அன்று ஏறுவார்கள்.
பையன் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கிறான்:
பெயர், மே, ஆகஸ்ட்.

பேருந்து தாமதம். நானும் ஏறினேன், பையோடு.
என் எடை எனக்கு மனப்பாடம், தொழில் அப்படி.
கற்களின் எடை சொல்லவே வேண்டாம்.
தொத்திறைச்சி அரைக் கிலோ.
கூட்டிப் பார்த்தால்
எந்திரம் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது.

பையனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
வரும்போதும் இரண்டு கிலோ பொய்,
போகும்போதும் அதே இரண்டு கிலோ.
கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மெய்.

சுவரில் தேடினேன்.
ஜுசிலெய்தே. மே: ஐம்பத்தெட்டு.
பக்கத்துக் கட்டத்தில்
சுண்ணாம்பு மட்டும்.