மூணாம் நம்பர் ஷட்டர்

பெரியாறு பிரதானக் கால்வாயில்
கள்ளந்திரிக்குக் கீழே மூணாம் நம்பர் ஷட்டர்
இருபத்தாறு வருஷமாய் என் கையில்.
மேலே இருபோகம், கீழே ஒருபோகம்,
நடுவில் நான், லஸ்கர் ஞானசிகாமணி,
இடுப்பில் சாவி.

முறைத்தண்ணீர் வந்தால் வம்பும் வரும்.
வாய்க்கால் வரப்பில் மண்வெட்டி மோதும் சத்தம்
சைக்கிளில் வரும்போதே கேட்டுவிடும் எனக்கு.
சோணையும் வெள்ளிமலையும்
மண்டை உடைந்து நின்ற மார்கழியில்
நான்தான் சமாதானம் பேசினேன்.
நீ ராத்திரி ரெண்டு மணிநேரம்,
அவன் விடியக்காலம் ரெண்டு மணிநேரம்.
டீக்கடையில் ஆளுக்கொரு வடை.
அந்தச் சமாதானம்
அடுத்த முறைத்தண்ணீர் வரைக்கும் தாங்கியது.

சமாதானம் பேசத் தெரியும்.
சமாதானம் சொல்லவும் தெரியும்,
என்ஜினீயர் கேட்டால் ஒன்று,
சம்சாரி கேட்டால் ஒன்று.
வீட்டில் ரூபாவதி கேட்டால்தான்
நாக்கு எழும்பாது.

ஏனோக்கு போய்ப் பதினோரு மாசம்.
என் பெயரில் வட்டிக்கு வாங்கி
அதையும் எங்கேயோ தொலைத்துவிட்டு.
திருப்பூர் என்றார்கள், சூரத் என்றார்கள்.
அவன் போன் அணைந்தே கிடக்கிறது.
சிறிது நேரம் கழித்து அழைக்கச் சொல்லும்
அந்தப் பெண்குரலுக்கு
ரூபாவதி 'சரிம்மா' என்று பதில் சொல்கிறாள்.

ஜெபித்தோம்.
அதுவும் பேரம்தான்:
அவன் வந்துவிட்டால் மேலூர் சபைக்கு ஒரு மின்விசிறி,
போன் மட்டும் பண்ணினால் ஒரு டியூப்லைட்.
முறை வைத்தே பழகின புத்தி,
மேலே இருக்கிறவருக்கும் அட்டவணை போட்டேன்.

புரட்டாசி பிறந்த வாரம், ராத்திரி ஒன்றே முக்கால்.
தண்ணீர் பேரணை தாண்டிவிட்டதென்று
சாயங்காலமே தகவல்.
கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.
ஆனைமலை கறுத்துப் படுத்திருந்தது.
வெள்ளி கொட்டிக் கிடந்த வானத்தில்
மேகமென்று சொல்ல ஒரு பொட்டு இல்லை.

முதலில் வாசனை.
பிறகு சருகு, நுரை, ஒற்றைச் செருப்பு,
செத்த சாரைப்பாம்பு.
அதற்கும் பின்னால்தான் தண்ணீர்,
டார்ச் வெளிச்சத்தில் மணலை நக்கிக்கொண்டு
அவசரமில்லாமல்.

இது எங்கள் மழை இல்லை.
மலைக்கு அந்தப்புறம், பாஷை வேறான காட்டில்,
எங்கள் ஊர்ப் பெயர் தெரியாத மரங்கள்மேல் பெய்தது.
பாறையைக் குடைந்த இருட்டுக்குள் நடந்து
இங்கே வருகிறது.
இந்த ஊரில் யாரும் இதைச் சம்பாதிக்கவில்லை.
என்னிடம் ஒரு சாவி இருக்கிறது,
அவ்வளவுதான்.

அப்போது வந்தது.
எதுவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
போன் வரவில்லை. கடன் குறையவில்லை.
நெஞ்சுக்குள் இறுக்கி அடைத்து
துருவேறிப் போன பலகை ஒன்று.
அதற்குச் சாவியும் இல்லை.
யாரும் திருகவில்லை,
அது அடைத்தபடியே இருந்தது.
உள்ளே ஈரம்.

பூட்டின கதவுக்குள் வந்து நின்றவரைப் பற்றி
ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு
போதகர் வருஷாவருஷம் சொல்வார்.
நான் வாசல் பக்கம் செருப்பை எண்ணிக்கொண்டிருப்பேன்.
அன்றைக்குத்தான் உறைத்தது:
தழும்பை மறைக்காமல்
கையை விரித்துக் காட்டிக்கொண்டுதான்
அவர் சமாதானம் என்றது.
ஓடிப்போனவர்களைப் பார்த்து
ஏன் ஓடினீர்கள் என்று
கேட்கவே இல்லை.

ரெண்டு இருபதுக்குச் சக்கரத்தைச் சுற்றினேன்.
கேஜ் மூணடி ரெண்டங்குலம்.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் ரூபாவதி முழித்திருந்தாள்.
'தண்ணி வந்துருச்சா?'
'வந்துருச்சு.'
டார்ச்சை வாங்கிக்கொண்டு
என் முகத்தையே பார்த்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
போனைச் சார்ஜில் போட்டாள்.

திங்கட்கிழமை வட்டிக்காரர் வருவார்.
சோணை இந்நேரம்
மண்வெட்டிக்குக் காம்பு மாற்றிக்கொண்டிருப்பான்.
பாயை உதறிப் போட்டேன்.
படுத்ததுதான் தெரியும்.