ஒரு விரல் சந்து

சாத்தூரில் கிளம்பும்போது
வேனில் ஏசி போடச் சொல்லி அழுத பிள்ளைகள்தாம்.
குன்னூர் தாண்டியதும் தாங்களே கண்ணாடியை ஏற்றினார்கள்.
தலைகுந்தாவில் இறங்கியபோது
ஆறு பேருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தவை
ஸ்வெட்டர் மூன்று, குரங்குக் குல்லா இரண்டு,
கல்யாணத்துக்கு வந்த கம்பளி ஒன்று,
'அப்படி என்ன குளிர்ந்துரப் போகுது' என்று
சீனிராஜ் சொன்ன ஒரு வாக்கியம்.

ஏழு மணிக்கு அந்த வாக்கியம்
அவர் பல்லிடுக்கிலேயே தந்தியடித்தது.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகியிருந்தது.
குழாயைத் திறந்த நாத்தனார் மாரித்தாய்
யாரோ கிள்ளியதுபோல் கத்தினாள்.
சின்னவன் கேட்டான்:
'அம்மா, வாயிலிருந்து புகை வருது,
உள்ளே ஏதும் பத்திக்கிச்சா?'
எங்கள் ஊர்ப் பிள்ளை
வேறு எப்படிக் கேட்பான்.

பேண்ட்டுக்கு மேல் பேண்ட், நைட்டிக்கு மேல் சேலை,
கைகளுக்குக் காலுறை.
மாரித்தாய் வீட்டுக்காரர் கருத்தபாண்டி
பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே
முந்தாநாள் பேப்பரை மடித்துச் செருகிக்கொண்டார்.
அசையும்போதெல்லாம் அவருக்குள்
ஏதோ ஒரு செய்தி கசங்கியது.

பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டில் சுற்றினேன்.
நூறு எண்ணும் வரை ஒருத்தர் காலடியில்.
தம்பியின் முறைக்கு மட்டும் தர்ஷிகா
எழுபதிலிருந்து நேரே நூறுக்குத் தாவினாள்.

விடுதி பார்த்துக்கொள்ளும் போஜன் வந்தார்.
ஹீட்டர் ஒன்றுதானாம்;
அது புதுசாய்க் கல்யாணமானவர்கள் அறைக்குப் போய்விட்டதாம்.
கையில் இரும்புச் சட்டி, கரி கனன்றுகொண்டிருந்தது.
'வாசல்லயே காஞ்சிட்டு உள்ளே போய்ப் படுங்க.'

அவர் படி இறங்கிய நிமிடம்
சீனிராஜ் சட்டியை உள்ளே தூக்கி வந்தார்.
கதவைச் சாத்தினார். சன்னலைச் சாத்தினார்.
கதவடியில் போர்வை முனையைத் திணித்தார்.

அறை இளகியது.
பிள்ளைகள் முகத்தில் செந்நிறம்.
அரைமணி நேரம் நாங்கள்
இந்த மலையிலேயே கெட்டிக்காரக் குடும்பம்.

பிறகு மாரித்தாய் தலை வலிக்குதென்றாள்.
சின்னவன் கொட்டாவி விட்டான். அவள் விட்டாள். நான் விட்டேன்.
பதினெட்டு வருஷம் பட்டாசு ஆலையில்
மருந்தறை வாசலில் திரி அடுக்கியவள் நான்.
காற்றுக்கு வழியில்லாத அறையைப் பற்றி
யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

சன்னலைத் திறந்தேன்.
'லூசாடி நீ.'
'ஆமா.'
சாத்தினார்.
திறந்தேன்.
மூன்றாம் தடவை கொண்டிமேல் அவர் கை,
அவர் கைமேல் என் கை,
இரண்டில் எது அதிகம் சில்லிட்டிருந்தது
என்று தெரியவில்லை.
சேலைத் தலைப்பால் பிடித்துச்
சட்டியை நானே கொண்டுபோய்ப் படியில் வைத்தேன்.
சன்னலை ஒரு விரல் மட்டும் திறந்துவிட்டேன்.

அந்த ஒரு விரல் வழியாக
நீலகிரி முழுக்க உள்ளே வந்தது.

குறுக்கே போட்டால் கால் தெரிந்தது,
நெடுக்கே போட்டால் ஆள் தெரிந்தது கல்யாணக் கம்பளிக்கு.
கருத்தபாண்டி சட்டைக்குள்ளிருந்து பேப்பரை உருவி
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
எனக்கு வந்தது ராசிபலன்.
மிதுனம்: பயணத்தில் மனம் குளிரும்.

யார் முதுகில் யார் மூச்சென்று தெரியாத இருட்டில்
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
ஐந்து.
மறுபடி ஐந்து.
மறுபடி.

விடிந்தபோது புல்வெளி வெளுத்திருந்தது.
வேன் கண்ணாடியில் தர்ஷிகா பெயர் எழுதப் போய்
விரல் மரத்துத் 'தர்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.
டிவியில் பார்த்த சறுக்கலுக்காகச் சின்னவன்
விடுதித் தட்டில் ஏறி உட்கார்ந்தான்.
அரை விரற்கடைப் பனி; புல் வழிவிடவில்லை.
கருத்தபாண்டி இழுத்தார். தட்டு மட்டும் வந்தது.

படியில் கரிச்சட்டி.
சாம்பல்மேல் உறைபனி.

சீனிராஜ் டீ கொண்டுவந்து நீட்டினார்.
'எனக்கும் தலை வலிச்சுது ராத்திரி' என்றார்,
வேனைப் பார்த்தபடி.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
கொஞ்ச நேரம் குடிக்கவில்லை.